பன்னிரண்டு சிரட்டைகள்

அத்தியாயம் ஒன்பது

19 டிசம்பர் 1965, ஞாயிறு.

ஒரு தவறு செய்திருக்கிறேன். கிறிஸ்மஸ் குடிலுக்குப் புல் வளர்க்க வைத்த பன்னிரண்டு தேங்காய்ச் சிரட்டைகளுக்கு ஓர் அட்டவணை போட்டேன் அல்லவா, அதில் 'தண்ணீர்' என்ற பத்தியில் முதல் சிரட்டைக்கு மட்டும் 'குடிதண்ணீர்' என்று எழுதிவிட்டு, மற்ற பதினொன்றுக்கும் 'மேற்படி' போட்டிருக்கிறேன். அது உண்மையல்ல. ஜன்னலில் உள்ள ஆறுக்குத்தான் குடிதண்ணீர். வாசலில் உள்ள ஆறுக்குக் கிணற்றுத் தண்ணீர். சோம்பலில் போட்ட மேற்படி. இதை நம்பி, பேராச்சி அக்காவிடம் 'விதைக்க நீங்க கொடுத்த கேப்பையிலே பாதி புழுத்தது' என்று வேறு சொல்லிவிட்டேன். சிறிய தவறுதான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

எழுதியதைப் படித்துப் பார்த்த சகாயராணி, கடைசி வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை. நோட்டை மூடிவிட்டு மறுபடியும் சிரட்டைகளைப் பார்த்தாள்.

ஜன்னலில் ஆறும் பச்சைப் பசேல் என்று விரல் உயரம் நின்றன. வாசலில் ஆறும் வைக்கோல் நிறத்தில் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன.

தாராவியின் அந்தச் சந்தில் இந்த வருஷத்துக் கிறிஸ்மஸ் எப்படி நடக்க வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்த சண்டையை நாம் மறந்திருக்க மாட்டோம். குடிலுக்கும் நட்சத்திரக் கம்பத்துக்கும், கடல்நீர் ஏறி இறங்கும் கழிக்கரையில் கண்டல் மரத்தை வெட்டக் கூடாது என்றாள் ராணி. வருஷா வருஷம் வெட்டி வெட்டித்தான் ஆடி மழையில் கரை சரிந்தது என்றாள். பட்டாசு வேண்டாம் என்றாள். நாடே அரிசிக்கு வரிசையில் நிற்கிற வருஷத்தில் வீட்டுக்கு வீடு விருந்து எதற்கு, ஒரே அண்டாவில் சமைத்து, கும்பிடுகிற சாமி எதுவானாலும் அறுபது வீட்டுக்கும் பரிமாறுவோம் என்றாள்.

"சொன்னவளே எழுதட்டும்" என்று அவளையே காரியதரிசி ஆக்கிவிட்டார் கோவில் உபதேசியார் ஏசுதாஸ்.

ராணிக்கு இருபது வயது. பகலில் மாட்டுங்காவில் ஒரு தையல் கடையில் பொத்தான் தைக்கிற வேலை. சாயங்காலம் அங்கேயே எஸ்.எஸ்.சி. வகுப்பு. எதையும் கட்டம் போட்டு எழுதாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. எழுதினால், சரியாக எழுதினோமா என்று தூக்கம் வராது.

"ஏட்டி ராணி, அந்தச் செத்த புல்லையே பாத்துக்கிட்டு இருந்தா முளைச்சிருமா?" அம்மா சேசம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டாள். "ஊரு உலகம் தானியத்துக்கு அலையுது. இவ மண்ணுல போட்டு விளையாடுதா."

"பன்னிரண்டு கரண்டிதானம்மா. குடில் பிரிச்சதும் முளையைத் துவையல் அரைச்சிரலாம்."

"பாலன் ஏசு படுத்த புல்லுல துவையலா! நல்லாத்தான் படிக்கே ராத்திரி ஸ்கூலு."

அப்பா சந்தியாகு உள்ளே வந்தார். தோளில் தகர டப்பா. முதல் பூசை கண்டுவிட்டு, அப்படியே தோல் ஷெட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு லீவு. சுண்ணாம்புக் குழி மாற்றுகிறவருக்கு மட்டும் அது கிடையாது. தோலிலிருந்து மயிர் உதிர்வதற்காக ஊறப்போடுகிற குழி அது. வாரம் ஒரு முறை அடைப்புப் பலகையைத் தூக்கிப் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். பதினாறு வருஷமாக அது அவர் வேலை.

டப்பாத் தண்ணீரைக் குடிபானையில் ஊற்றினார். ஷெட் வாசலில் முதலாளி வைத்திருக்கும் குழாய்த் தண்ணீர்.

"சந்துக் குழாய் முக்கால் மணி நேரங்கூட வர மாட்டேங்கு. என் வீட்டு ஆம்பிளை சுமந்துட்டு வாராரு" என்றாள் சேசம்மாள். தினமும் சொல்வதுதான். சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வாள்.

சந்தியாகு வாசலில் கிடந்த ஆறு சிரட்டைகளையும் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

*

தவறைச் சொல்லிவிட வேண்டும் என்று ராணி பேராச்சி வீட்டுக்குப் போனாள். நாலு வீடு தள்ளி. கதவு என்று ஒரு கோணிச் சாக்கு.

பேராச்சியின் எட்டு மாதப் பெண் குழந்தை வடிவு இறந்துபோய் இன்றைக்குப் பதினெட்டு நாள். மூன்று நாள் வாந்தி, நாலாம் நாள் ஒன்றுமில்லை. கொடியில் இன்னும் இரண்டு சின்னச் சட்டை தொங்கிற்று. காய்ந்து பல நாள் ஆகியிருக்கும்.

"அக்கா, உங்க கேப்பை மேலே தப்பில்லை. நான்தான் தப்பா எழுதிட்டேன். தண்ணியிலேதான் என்னமோ இருக்கு."

"கிணத்துத் தண்ணியா? அது எப்பவும் உப்புத்தான. கழி பக்கத்துல இருக்குல்லா."

"உப்புக்கு இப்படிச் சாகுமா?"

"எனக்கு என்ன தெரியும் தாயி." பேராச்சி முந்தானையை இழுத்து முழங்காலைப் போர்த்திக்கொண்டாள். "குழாய் நின்ன நாளுதான் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. கிணத்துத் தண்ணி குடுக்கலாமான்னு உன்கிட்டதான கேட்டேன். காய்ச்சிக் குடுங்கக்கான்னே."

ஆமாம், ராணி அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

சுகாதாரப் பாடம், நாலாம் அத்தியாயம்: நீரைக் கொதிக்க வைத்தால் அதில் உள்ள கிருமிகள் மடிந்துவிடும். வகுப்பில் அதற்குப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தாள்.

"நல்லாக் காய்ச்சினேன். பாதியா வத்துற மட்டும் காய்ச்சினேன்" என்றாள் பேராச்சி. குறையாகச் சொல்லவில்லை. சொன்னபடியே செய்தேன் என்று வாத்தியாரிடம் சொல்கிற பிள்ளையைப் போலச் சொன்னாள்.

*

பதினோரு மணிக்கு ராணி ஒரு சோடா பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து, தக்கையை அழுத்தி மூடி, பைக்குள் வைத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தாள். வகுப்புத் தோழி விஜயலக்ஷ்மியின் வீடு அங்கே இருந்தது. அவளுடைய அக்கா புருஷர் நம்பிராஜன் செம்பூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் கெமிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மாமனார் வீட்டுக்கு வருவார் என்று விஜயலக்ஷ்மி எப்போதோ சொன்னது ராணியின் நோட்டில் இருந்தது.

"இதென்னடி, லீவு நாள்ல பாட்டிலும் கையுமா வந்து நிக்கற? உள்ளே வா" என்றாள் விஜயலக்ஷ்மி.

"இல்லை, இங்கேயே நிக்கிறேன். அத்திம்பேர் இருக்காரா?"

நம்பிராஜன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். தக்கையைத் திறந்ததும் முகத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எங்கேருந்து கொண்டு வந்தே இதை?"

"எங்க சந்துக் கிணறு சார்."

"முட்டை அழுகின நாத்தம் வரதே, தெரியலையா?"

ராணி மோந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்."

"ஆமாம். உங்களுக்குத் தெரியாது. பழகிப்போயிருக்கும்." ஒரு பீங்கான் கிண்ணத்தில் தண்ணீரைக் கொட்டினார். "விஜி, வெள்ளியிலே ஏதாவது கொண்டு வா. பழசா இருந்தாப் போறும்."

விஜயலக்ஷ்மி உள்ளே துழாவி, கையில் கிடைத்ததைக் கொண்டுவந்தாள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை.

"ஐயோ, இது அக்கா குழந்தைக்கு..."

"தேச்சாப் போயிடும்" என்று வாங்கிக் கிண்ணத்தில் போட்டார்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிவதற்குள் பாலாடையின் மூக்கு மஞ்சளாகி, பழுப்பாகி, அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிட்டது.

"இது கழி உப்பு இல்லை. தோல் பதப்படுத்தற இடத்துல, மயிர் உதிர்றதுக்குச் சுண்ணாம்போட ஒரு மருந்து போடுவா. அது. உங்க கிணத்துக்குப் பக்கத்துல எங்கேயோ அதைக் கொட்டறா."

"காய்ச்சினா சார்?"

"காய்ச்சினா கிருமி சாகும். இது கிருமி இல்லையேம்மா. தண்ணி வத்தும், இது வத்தாது. காய்ச்சக் காய்ச்ச இன்னும் கெட்டிதான் ஆகும்."

ராணி பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். எழுதினாள்.

"இதனாலே ஒரு குழந்தை..." என்று ஆரம்பித்தாள்.

நம்பிராஜன் அவசரமாகக் கையைக் காட்டினார். "அதெல்லாம் நான் எழுதித் தர முடியாது. எதனாலேன்னு யாராலேயும் இப்போ சொல்ல முடியாது. இதை யாரும் குடிக்க வேண்டாம், இதிலே சமைக்க வேண்டாம். அவ்வளவுதான் என்னாலே சொல்ல முடியும்."

வெள்ளிக்கிழமை இரவே அதே கிணற்றுத் தண்ணீரை அண்டாவில் ஊற்றி, சனிக்கிழமை கிறிஸ்மஸுக்கு அறுபது வீட்டுக்கும் சமைப்பதாகத் திட்டம். அவள் எழுதிய திட்டம்தான். மூன்றாம் பக்கம், ஏழாவது வரி: 'தண்ணீர் – கிணறு. கவலை இல்லை.'

*

மூன்று மணிக்கு வீடு திரும்பியபோது சேசம்மாள் நாலு மணிக் கூட்டத்துக்காகக் கோவிலை ஒழுங்கு பண்ணப் போயிருந்தாள். அப்பா தனியாக உட்கார்ந்து கைவிரல் வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

ராணி எல்லாவற்றையும் வரிசைப்படி சொன்னாள். சிரட்டை, பாட்டில், பாலாடை.

"குழித் தண்ணி கழிக்குத்தானப்பா போகும்? கிணத்துக்கு எப்படி வந்துச்சு?"

சந்தியாகு அதே விரலில் மறுபடியும் எண்ணெய் தடவினார்.

"ஓடை வாய் அடைஞ்சு போச்சு. கரை சரிஞ்சதுல."

"அப்ப எங்கே விடுதீங்க?"

"பின்னால ஒரு பழைய குழி கிடக்கு. அதுல விடச் சொன்னாரு முதலாளி. ஓடையைத் தோண்டுற மட்டும்னாரு. இன்னும் தோண்டல."

பின்னால் என்றால் கிணற்றுக்கு இருபது அடி. ராணி எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. சின்ன வயதில் அங்கே நொண்டி விளையாடியிருக்கிறாள்.

"இன்னைக்குக் காலையிலேயும் விட்டீங்களா?"

"விடாம? தோலை எதுல ஊறப்போட?"

"நாலு மணிக்குக் கூட்டம். நான் வாசிக்கப் போறேன்பா."

"வாசிக்காத." குரல் உயரவில்லை. "பெருநாள் போகட்டும். ஷெட்டுல நாப்பது பேரு வேலை செய்யுதான். எல்லாரும் இந்தச் சந்துக்காரன். முதலாளி ரெண்டு கிடா வேற தந்திருக்காரு பெருநாளுக்கு. பெறகு பாத்துக்கலாம்."

"சனிக்கிழமை இந்தத் தண்ணியிலேதானப்பா உலை வைக்கப் போறோம்?"

சந்தியாகு எழுந்து சட்டையைப் போட்டார். "ஒரு பொம்பளைப் பிள்ளை நாலு சிரட்டையை வச்சுக்கிட்டுச் சொன்னா எவன் நம்புவான்? யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் சொன்னது அவளுக்கும் சரியாகவே பட்டது. ஒரு தடவை 'மேற்படி' என்று எழுதித் தவறியவள். இன்னொரு தடவை காய்ச்சச் சொல்லித் தவறியவள். இது மூன்றாவதாக இருந்தால்?

இருந்தாலும் பன்னிரண்டு சிரட்டைகளையும் ஒரு முறத்தில் அடுக்கித் தூக்கிக்கொண்டாள்.

*

கோவில் என்பது தகரக் கூரை போட்ட ஒரு கூடம். மூலையில் பாதி கட்டிய குடில்: சாக்கும், பெட்டிக் கட்டையும், களிமண்ணும். கண்டல் கிளை ஒன்றுகூட இல்லை. ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். சந்தியாகு பின்வரிசையில் சுவரோடு சாய்ந்திருந்தார். பேராச்சி வாசலுக்கு வெளியே நின்றாள். கிறிஸ்தவர்கள் கூட்டம் என்பதால் உள்ளே வருவதில்லை.

ராணி முறத்தைத் தரையில் வைத்துவிட்டு வாசித்தாள். ஆறு பச்சை, ஆறு செத்தது. வெள்ளி கறுத்தது. கிணற்றை மூட வேண்டும்.

முதலில் சிரித்தவன் செல்லப்பாண்டி. ஷெட்டில் தோல் சுமக்கிறவன்.

"குடிலுக்குப் புல்லு வளக்கச் சொன்னா, இவ கிணத்தையே மூடச் சொல்லுதா! மரம் வெட்டாத, வெடி போடாத, இப்ப தண்ணியும் குடிக்காத. ஏ காரியதரிசி, மூச்சு விடலாமா? அதுக்கும் தடை இருக்கா?"

கூடம் குலுங்கிச் சிரித்தது. ஏசுதாஸ் கையை உயர்த்தினார்.

"ராணி, நீ சொல்லுதது நல்ல எண்ணந்தான். ஆனா காஞ்சு போன கேப்பையைக் காட்டிக் கிணத்தை மூடுன்னா எப்படி? செவ்வாய்க்கிழமை பங்குச் சாமியார் வாராரு, அவரைக் கேட்டு முடிவு பண்ணுவோம். அந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு உனக்குத் தெரியுமா?"

ராணியின் வாய் திறந்தது. பின்வரிசையைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றாள். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தாள். "கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று நான் ஒருவருக்குச் சொன்னேன். அது தவறு. காய்ச்சினால் அது இன்னும் கெடும். எனக்குத் தெரியாமல் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. யாருக்குச் சொன்னாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. தலைகள் ஒவ்வொன்றாக வாசல் பக்கம் திரும்பின.

பேராச்சி உள்ளே வந்தாள். முறத்தருகே குத்தவைத்து உட்கார்ந்து சிரட்டைகளைப் பார்த்தாள். செத்ததில் ஒன்றைத் தொட்டாள். பச்சையில் ஒன்றைத் தொட்டாள்.

"நீ தெரியாம சொன்னே, சரி" என்றாள். "இந்தப் பச்சைக்கு எந்தத் தண்ணி ஊத்தினே?"

"குடிதண்ணி அக்கா."

"குழாய்தான் சரியா வாறதில்லையே. அது நின்ன அன்னைக்கு என் பிள்ளைக்கு ஒரு செம்புத் தண்ணிக்குச் சந்து முழுக்க அலைஞ்சேன். உங்க வீட்டுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

"அப்பா ஷெட் வாசக் குழாயிலேருந்து டப்பாவிலே..."

ராணி பாதியில் நிறுத்தினாள். சொன்னபோதுதான் அவளுக்கே அது கேட்டது. இத்தனை நாளும் நோட்டில் 'குடிதண்ணீர்' என்று ஒரே வார்த்தையில் எழுதி வந்தது.

பேராச்சி திரும்பினாள். "எப்பலேருந்து அண்ணாச்சி சுமக்கீய?"

முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்கள்.

சந்தியாகு சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"கரை சரிஞ்சு ஓடை அடைஞ்ச அன்னிலேருந்து."

சேசம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு, தினமும் நிமிர்ந்த அந்தக் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

பேராச்சி அழவில்லை. சாபம் விடவில்லை. காய்ந்த சிரட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போய், பாலன் சுரூபம் வைக்க விட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை வையுங்க. உங்க சாமி பிள்ளையும் பாக்கட்டும்" என்றாள்.

*

கூட்டம் எதையும் முடிவு செய்யாமல் கலைந்தது. செவ்வாய்க்கிழமை சாமியாரைக் கேட்பது என்றதோடு சரி.

ஐந்தரை மணிக்குப் பெண்கள் வழக்கம்போலக் குடத்தோடு கிணற்றுக்குப் போனார்கள். ராட்டினச் சத்தம் கேட்கும் என்று ராணி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள். கிணற்றுச் சுவர் மேல் பேராச்சி உட்கார்ந்திருந்தாள், இரண்டு காலையும் உள்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு. அவளைத் தாண்டி வாளியை இறக்க ஒருத்திக்கும் துணிவு வரவில்லை. வைவதற்கும் வரவில்லை. குடங்களோடு சுற்றி நின்றார்கள்.

எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருப்பாள்? பசிக்காதா? தூக்கம் வராதா?

சேசம்மாள் குடிபானையைத் தூக்கிக்கொண்டு போனாள். பேராச்சிக்குப் பக்கத்தில் சுவர் மேல் வைத்தாள். பேராச்சி அதைத் தொடவில்லை. சேசம்மாள் பானையைத் திருப்பி எடுக்கவும் இல்லை, கீழே உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டு வாசலில் சந்தியாகு தகர டப்பாவைத் துணியால் துடைத்து, ஆணியில் தலைகீழாக மாட்டினார்.

"நாளைக்கு ரெண்டாம் குழி" என்றார், டப்பாவிடம் சொல்வது போல. "ஆறு மணிக்கு. பெருநாளுக்கு முன்னால காலி பண்ணணும்னு உத்தரவு."

"போவீங்களாப்பா?"

அவர் அவளைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இன்னும் விளக்குக்கூட ஏற்றவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே ராணி நோட்டைத் திறந்தாள். அட்டவணையில் 'குடிதண்ணீர்' என்பதையும் பதினொரு 'மேற்படி'யையும் ஒவ்வொன்றாக அடித்தாள். முதல் ஆறு வரியில் 'அப்பா கொண்டு வந்த தண்ணீர்' என்று ஆறு தடவை முழுதாக எழுதினாள். அடுத்த ஆறு வரியில் 'எல்லாரும் குடித்த தண்ணீர்' என்று எழுதினாள். சரியா என்று ஒரு தடவை பார்த்தாள். கீழே கோடு போட்டாள்.

நாளை, திங்கள், 20: காலை ஐந்தரைக்குள் தோல் ஷெட்டின் பின்பக்கம் போக வேண்டும். அப்பா பலகையைத் தூக்க வரும்போது பழைய குழிக்கு முன்னால் நிற்க வேண்டும்.